பெயர் சொன்னால் விழுகிற ராட்சசன்

ராட்சசனுக்கு வைத்த பெயரே சரியில்லை என்பது தாட்சாயிணிக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. குரலைத் தாழ்த்தி, கண்ணை உருட்டி, "செஃபரான் வருகிறான்" என்று அவள் சொன்னதும் தம்பி சம்பத், "காய்ச்சலுக்கு எழுதிக் குடுப்பாங்களே, அதுவாக்கா? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றான். அவன் கூட்டாளி வேம்புலி தரையில் உருண்டு சிரித்தான். எதிர்வீட்டு ராணிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் என்ன ராட்சசன், என்ன பயம்!

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அப்படியொரு ஆட்டத்தை வேறு எவரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. சிங்கப்பூர் சித்தப்பா கொண்டுவந்த ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவள் தாட்சாயிணி. டிப்ளமா முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிற பெண்ணை அந்த வீட்டில் இரண்டு வாக்கியம் முழுதாகப் பேச யார் விட்டார்கள்? ஞாயிறு மூன்று மணிக்குத்தான் மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு அவளைக் கேட்டார்கள். இப்போது அதுவும் சிரிப்பாய்ச் சிரித்தது.

"அடுத்த வாரமும் இப்டியே கீதுன்னா நாங்க கிரிக்கெட்டுக்குப் பூடுவோம்க்கா," என்றான் வேம்புலி. திருமுல்லைவாயில்காரன், மனசில் பட்டதைச் சொல்லிவிடுவான்.

போங்கடா பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டாள் அவள். அன்றைக்கே புத்தகத்துக் கதையின் பனிமலையையும் கோட்டையையும் தூக்கிக் குப்பையில் போட்டாள். இந்த குவார்ட்டர்ஸில் பனியைப் பார்த்தவன் எவன்? கதையை அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு மாற்றினாள். ஒரு வாரம் பெயருக்காக அலைந்தாள். குழாயடியில் கேட்டாள், பேருந்தில் கேட்டாள், ரேஷன் கடை வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வாசலில் நின்று ஒரு அம்மா சாப்பிடக் கூப்பிடுகிற பெயராக இருந்தால்தான் அந்த ஆளுக்கு ரத்தமும் சதையும் வருகிறது என்று கண்டுபிடித்தாள். மதகு காக்கிற அப்பாவு கிடைத்தான், வைத்தியர் பக்தவத்சலம் கிடைத்தார், படகுக்காரி கன்னியம்மாள் கிடைத்தாள். ராட்சசனுக்குத்தான் நாலு நாள் தூக்கம் கெட்டது. கடைசியில் ரேஷன் கடைக்காரர் அட்டையைப் பார்த்து ஒரு பெயரைக் கூவினார். வரிசையே திரும்பிப் பார்த்தது. அடேயப்பா, இதுதான், என்று வீட்டுக்கு ஓடிவந்து எழுதிவைத்தாள்.

ஞாயிறு வந்தது. ஏரியை விழுங்க வந்த அந்த ராட்சசனின் பெயர் யாருக்கும் தெரியாது. மதகின் அடிக்கல்லில் இருக்கிறது. அதைக் கண்டெடுத்து, அவன் முகத்துக்கு நேரே மூன்று தடவை சொன்னால் விழுவான். இதுதான் கதை.

முதல் ஒரு மணி நேரம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அப்பாவு மதகுக்குள் முங்கியபோது, அந்த வேஷம் எடுத்திருந்த வேம்புலியே மூச்சைப் பிடித்துக்கொண்டான். தாட்சாயிணி பெயர் எழுதி மடித்துவைத்திருந்த சீட்டை எடுத்துக் கன்னியம்மாளிடம் வீசிவிட்டு அப்பாவு கல்லாய்ப் போனான். அடுத்த பகடையில் சம்பத்தின் வைத்தியரும் மூழ்கினார். மிச்சம் படகுக்காரி ஒருத்திதான், அதாவது ராணி.

ராணி சீட்டைப் பிரித்தாள். முகம் வெளுத்துப்போய்ச் சட்டென்று அதைக் கசக்கினாள்.

"சொல்லுக்கா!" என்று கத்தினான் சம்பத்.

"நான் சொல்ல மாட்டேன்பா. இது எங்க ஊட்டுக்காரரு பேரு."

தாட்சாயிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபேக்டரியில் பெயின்ட் அடிக்கிற பிரிவு என்பதால், குவார்ட்டர்ஸில் அவரை எல்லோரும் பெயின்ட் ஷாப்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டியவளோ கல்யாணமான எட்டு மாதத்தில் ஒரு நாளும் பெயரைச் சொன்னதில்லை. தாட்சாயிணிக்கு எப்படித் தெரியும், பாவம்!

"பேரைச் சொன்னா அவரு ஆயுசு கொறையும்னு எங்கம்மா சத்தியம் வாங்கிகினுதான் அனுப்புச்சி," என்றாள் ராணி.

"வேற பேரு வெச்சிடுக்கா," என்றான் சம்பத்.

வைக்கலாம். ஒரு நிமிஷ வேலை. இல்லையென்றால் ராணி கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள், ஆட்டமும் அத்தோடு சரி. ஆனால் தாட்சாயிணி அந்த மூன்று முகங்களையும் பார்த்தாள். கசங்கிய துண்டுக் காகிதத்தைச் சுற்றி மூன்று பேரும் குனிந்திருந்தார்கள். ஒரு பெயரைச் சொல்ல நிஜமாகவே ஒருத்தி பயந்தாள். இதற்காகத்தானே ஒரு மாதமாய் மாரடித்தாள்?

"மாத்த மாட்டேன்," என்றாள். "அவன் பேரு அதுதான். நீங்க சொல்லலைன்னா ஏரி போச்சு, ஊரும் போச்சு. பத்து எண்ணுவேன்க்கா. ஒண்ணு... ரெண்டு..."

"நீ நல்லா இருப்பியாடி?"

"மூணு... நாலு..."

ராணி தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எட்டு வந்தபோது கண்ணை மூடி, "உலகநாதன்," என்றாள். உதடுதான் அசைந்தது.

"காதுல வுழல!" என்றான் வேம்புலி.

"உலகநாதன்!" இந்தத் தடவை அறைக்குள் எல்லோருக்கும் கேட்டது. மூன்றாவது தடவை அவளுக்கு என்ன வந்ததோ, மீன்காரனைக் கூப்பிடுகிற தொண்டையில், "டேய், உலகநாதா!" என்று ஒரு கத்து கத்தினாள்.

ராட்சசன் விழுந்தான். பையன்கள் குதித்தார்கள். ராணி குதிக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினாள். ஐயோ, என்ன காரியம் செய்தேன் என்று தாட்சாயிணியும் பின்னாலேயே ஓடினாள்.

ராத்திரி ஷிஃப்ட் முடித்த மனுஷன் முகத்தில் பேப்பரைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ராணி பேப்பரை விலக்கி மூக்கருகே விரலை வைத்தாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"இன்னாம்மே?"

"ஒண்ணுமில்ல, தூங்குங்க."

வெளியே வந்து கதவை மெல்லச் சாத்தினாள். தாட்சாயிணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. கோவமா?"

ராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ராட்சசி வர்றாளா?"

"வ... வரலாம்க்கா."

"ஞானம்மாள்னு பேரு வெய்யி. எங்க மாமியாரு," என்றாள் ராணி. "கடைசி அடி நான்தான் அடிப்பேன்."