கீச் சத்தத்துக்கு ஒரு விளம்பரம்

1

"நீ விக்கிற சாமானை நீ பாத்திருக்கியாம்மா?"

என் தங்கையை அவள் ஆறு வயது மகள் கேட்டாள். இந்தக் கதை பிறந்தது அங்கேதான். வேறு தொடக்கமும் வைத்திருந்தேன்: 'மழை ஓய்ந்த மாலையில் அவள்...' [அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை.]

தங்கையின் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் யாராவது ஒரு பொருளைத் தேடினால் அவள் விளம்பரம் மேலே வரும். அதை ஒருவர் தொட்டாலே அவள் காசு கட்ட வேண்டும். தொட்டவர் வாங்கினால் கம்பெனி கமிஷன் தரும். எந்தப் பொருளைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் பிழைப்பு. இந்த மாதமும் கையைக் கடித்தால் தொழிலை மூடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

2

அவள் தேர்ந்தெடுத்தது முதியோருக்கான காதுக் கருவி. அவள் விளம்பரத்தைப் பார்த்து முப்பத்தொரு பேர் வாங்கியிருந்தார்கள். மகள் கேட்டபிறகு தனக்கும் ஒன்று வரவழைத்து மாட்டினாள். கீச்சென்று கத்தியது. பெட்டியைக் குடைந்தாள். அடி அட்டைக்குக் கீழே, காதுக்குள் செருகும் பெரிய ரப்பர் முனை ஒன்று ஒளிந்திருந்தது. அதை மாட்டியதும் சத்தம் நின்றது.

"கமிஷனைப் பாத்து எடுத்தேண்ணா. கருவியைப் பாக்கல."

"பிடிக்காதவங்க திருப்பி அனுப்பியிருப்பாங்கம்மா."

"வயசானவங்க அனுப்ப மாட்டாங்க. நமக்குத்தான் மாட்டத் தெரியலன்னு கழட்டி வெச்சிருவாங்க."

[இங்கே அவளை அழவைத்துப் பார்த்தேன். "என்னைக் கதையில ரொம்ப நல்லவளாக் காட்டாத, பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பா" என்றாள். எடுத்துவிட்டேன்.]

3

இந்தத் தொழிலில் சில சொற்களுக்குத் தடை போடுவார்கள்; அவற்றைத் தேடுபவருக்கு விளம்பரம் தெரியாது. 'கீச் சத்தம்' என்று தேடுபவர் ஏற்கெனவே கருவி வாங்கியவர், மறுபடி வாங்கமாட்டார், அவர் தொட்டால் நமக்கு நஷ்டம். அதனால் அவளும் அந்தச் சொல்லைத் தடுத்து வைத்திருந்தாள்.*

அன்று தடையை எடுத்தாள். கருவியை விட்டுவிட்டு, எந்தக் கருவிக்கும் பொருந்தும் ரப்பர் முனைகளை, மூன்று அளவில், விளம்பரம் செய்தாள். கமிஷன் சொற்பம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் போட்டியே இல்லை. மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது.

"கடவுள் பாத்துப்பார்னு சொன்னேன்ல?" என்றேன்.

"அவர் பாத்துக்கிட்டார். விளம்பரத்துக்கு நான்தான் கட்டினேன்."

* உதவி கேட்பவரை முதலில் தடுப்பது இந்தத் தொழிலுக்கு மட்டும் உள்ள பழக்கமன்று. நானும் தொலைபேசியை எடுக்காமல் இருந்திருக்கிறேன்.

4

முதல் முடிவு: ஒரு பெரியவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதுகிறார். [முடியாது. வாங்கியவர் பெயர் அவளுக்குத் தெரியாது. அவர்கள் தேடக்கூடிய சொல் மட்டும் தெரியும்.]

இரண்டாம் முடிவு: தொழில் வளர்ந்து அவள் பெரிய... [வேண்டாம். இப்போதே நிம்மதியாகத்தான் இருக்கிறாள்.]

மூன்றாவதை நான் பார்க்கவில்லை. கேட்டால் மறுப்பாள். நடந்ததா இல்லையா என்பதை உங்களிடமே விடுகிறேன்.

அவள் இன்னொரு விளம்பரம் போடுகிறாள், அந்தக் கருவியின் பெயரோடு 'கீச் சத்தம்' என்று தேடுபவர்களுக்கு மட்டும். தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் விற்பனைக்கு எதுவும் இல்லை. 'அடி அட்டையைத் தூக்குங்கள். பெரிய ரப்பர் இருக்கிறது. தவறு உங்களுடையதல்ல.'

யாரோ ஒருவர் தொடுகிறார். படிக்கிறார். மூடிவிடுகிறார். அவள் காசு கட்டுகிறாள்.