சிவப்பாக வந்த எண்ணெய்

…கறுப்பாக அல்லவா வரவேண்டும், என்ஜின் எண்ணெய் பழசானால் மை மாதிரி இருக்கும் என்று எனக்கே தெரியும், இது சிவப்பாக வருகிறதே, எதிர்வீட்டுக்காரர் காருக்கடியில் மல்லாந்து கிடக்கிறார், இரண்டு கால் மட்டும் வெளியே, துணி ஊறவைக்கிற பேசினில் அது பாட்டுக்கு ஒழுகுகிறது, நான் மாடியில் ஈரத் துணியோடு நிற்கிறேன், ஒரே தலையணை உறையை எத்தனை தரம்தான் உதறுவது, ஆனாலும் இங்கிருந்து பார்த்தால்தான் அந்த வாசல் முழுசாகத் தெரியும்… வீடியோக்காரர் என்று அவருக்குப் பேர் வைத்தது நான்தான், தெருவே இப்போது அப்படித்தான் சொல்கிறது, எதைச் செய்தாலும் கைபேசியில் வீடியோ பார்த்துத்தான் செய்வார், அப்படித்தான் ஒருநாள் குழாயைத் திருகி எங்கள் வாசல் வரை தண்ணீர் விட்டார், வாளியோடு நின்ற அந்த முகத்தை நினைத்தால் எப்போதும் சிரிப்பு வரும், இன்றைக்கு வரவில்லை, உள்ளே அவர் மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், அண்ணன் வீட்டுக்கு, ஒரேயடியாக.

ஒரேயடியாக என்று யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம், தையல் மெஷினையும் போர்வையில் சுற்றி வாசலில் வைத்தால் அது போய்விட்டுத் திரும்புகிற பயணமா என்ன? சண்டைச் சத்தமும் கேட்கவில்லை, நடந்திருந்தால் எனக்குக் கேட்காமலா போகும், விஷயமே அதுதான், அந்த வீட்டில் வருஷக்கணக்காகச் சத்தமே கிடையாது, அவர் கைபேசியில் எவனோ எதையோ விளக்குகிற குரலைத் தவிர… நேற்று மதிலோரம் வந்து நின்றார், "நானே கொண்டுபோய் விடறேன்னு சொன்னேன்க்கா, சரின்னுட்டா" என்றார், பரிசு விழுந்தவர் மாதிரி, "காலையில கெளம்பினா போய்ச் சேர இருட்டிடும், அவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்துதானே ஆகணும், வண்டியும் தானா கியர் மாத்திக்கற வண்டி, கைக்கு வேலையே இல்ல, பேசிக்கிட்டே போவேன்". என்ன பேசுவீங்க என்று கேட்டுத் தொலைத்தேன். "மொதல்ல எண்ணெய மாத்திடறேன், தூரப் பயணம் பாருங்க" என்று போய்விட்டார். இத்தனை வருஷம் பேசாததைப் பேசுவதற்கு எந்த வீடியோவைப் பார்ப்பாரோ.

இதோ அவள் வருகிறாள், தலைவாரி, செருப்புப் போட்டு, பேசின் பக்கத்திலேயே நிற்கிறாள், "இன்னும் எவ்ளோ நேரம்?" என்கிறாள், அடியிலிருந்து குரல், "முடிஞ்சுது முடிஞ்சுது, புது எண்ணெய ஊத்தினா கெளம்பிடலாம்". அவள் குனிந்து பேசினைப் பார்க்கிறாள், கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறாள், பிறகு ஒரு ஓரமாகக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போகிறாள். சிவப்பு என்றால் அது கியர் எண்ணெய் இல்லையா, யாரோ எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், யார்… அப்படியானால் இவர் திறந்தது வேறு மூடியை, கியர்பெட்டியைக் காலியாக்கிவிட்டு, இப்போது பானட்டைத் தூக்கி, ஏற்கெனவே வயிறு நிறைந்திருக்கிற என்ஜினுக்குப் புது டப்பாவைச் சொட்டு விடாமல் ஊட்டுகிறார், குழந்தைக்குப் பால் புகட்டுகிற பதவிசாக… கத்திச் சொல்லலாமா? ஊர் விஷயத்தையெல்லாம் கூவிக் கூவிச் சொல்கிற நான் இப்போது பார்த்து உறையைத்தான் உதறுகிறேன், எனக்கென்ன தெரியும், புது மாதிரி வண்டியில் எல்லாமே சிவப்பாக இருக்குமோ என்னவோ, வீடியோ பார்த்தவருக்குத் தெரியாதா?

தெரியவில்லை. மெஷின் பின்சீட்டில் ஏறிவிட்டது, அவள் முன்சீட்டில், அவர் சட்டை மாற்றி, தலையைக்கூட வாரியிருக்கிறார் பாவம், சாவியைத் திருகினார், பின்னால் புகை, கேட் வரைக்கும் வண்டி வந்தது, அப்புறம் உறுமுகிறது, உறுமுகிறது, நகரமாட்டேன் என்கிறது, கியரை முன்னே தள்ளுகிறார், பின்னே இழுக்கிறார், மறுபடி முன்னே, தெருவே புகை, நாய்கூட எழுந்து போய்விட்டது, கடைசியில் அணைத்தார். அந்த நிசப்தத்தில் இரண்டு பேரும் நேரே பார்த்தபடி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், நகராவிட்டால் என்ன, இப்போது பேசலாமே ஐயா, பேசித் தொலையுமே என்று நான் உறையைப் பிசைகிறேன், அவரும் திரும்பினார், வாயைத் திறந்தார், "வீடியோல இப்படித்தான் காட்டினான்" என்றார்.

வாடகைக் கார் வந்து, ஓட்டுநர் மெஷினைத் தூக்கி வைக்கிற வரைக்கும் அவர் ஸ்டியரிங்கை விடவில்லை. அவள் ஏறுமுன் திரும்பி, "அந்த பேசின்ல இனிமே துணி ஊறவைக்காதீங்க, கறை புடிச்சுக்கும்" என்றாள், அவ்வளவுதான், கதவு சாத்துகிற சத்தம்… அப்போதுதான் நினைவு வந்தது எனக்கு, இந்த வண்டியைப் பழசாக வாங்கிக் கொண்டுவந்த புதிதில் தரையில் ஒரு சிவப்புச் சொட்டைப் பார்த்து, ரத்தமா என்று நான் பதறினேன், இவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அன்றைக்குச் சிரித்தாள், "ரத்தமும் இல்ல ஒண்ணும் இல்லக்கா, கியர் எண்ணெய், அதுதான் செவப்பா இருக்கும், எங்கண்ணன் பட்டறையில சின்னதுலேர்ந்து பாத்துட்டுதானே வந்திருக்கேன்". அப்படியானால் அவள் குனிந்து பார்த்தது… சும்மா பார்த்தாளா, போகிற அவசரத்தில் எதைத்தான் பார்ப்பாள் ஒரு மனுஷி, அல்லது பார்த்து, புரிந்து, அத்தனை நேரம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று…

கீழே அவர் பேசினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு விரலை உள்ளே விட்டு எடுத்து வெயிலில் பார்க்கிறார், சிவப்பு முழங்கை வரை வழிகிறது, மெல்லத் தலையைத் தூக்குகிறார், நான் நிற்பது அவருக்குத் தெரியும், எப்போதும் தெரியும், "அக்கா" என்கிறார், "அவ இதப் பாத்தாளா?" நான் காய்ந்தே போன தலையணை உறையை இன்னொரு தரம் உதறுகிறேன்.