ஐந்து மணிக்குள் ஒரு சம்மதக் கடிதம்

அன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் என் மனைவி மின்னஞ்சலில் சம்மதம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். கட்டட வரைபட அலுவலகம் ஒன்றிலிருந்து காலையில் வந்த கடிதம் இதை எந்தக் குழப்பத்துக்கும் இடமில்லாமல் சொல்லியிருந்தது.

அவள் முன்பு வேலை பார்த்த அலுவலகத்தை இழுத்து மூடிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு மாதத்தில் வீட்டிலுள்ள அலமாரிகளை நான்கு முறை கலைத்து அடுக்கிவிட்டாள். என் சட்டைகள் நிற வரிசையில் தொங்கின. ஐந்தாவது முறை தொடங்கினால் என்னையும் ஏதாவது ஒரு தட்டில் மடித்து வைத்துவிடுவாள் என்ற நிலை. ஆகவே இந்த வேலை அவளுக்கு எவ்வளவு தேவையோ, அதில் பாதியாவது எனக்கும் தேவைப்பட்டது.

பதில் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்காக அலுவலகத்தில் அரை நாள் விடுப்பும் போட்டேன். எங்கள் வீட்டில் கடிதம் என்றால் நான்தான். குடிநீர்க் குழாயில் புழு வந்தாலும் சரி, வாங்கிய மறுநாளே கடிகாரம் நின்றாலும் சரி, முறைப்படி எழுதி, நகல் எடுத்து, தேதி போட்டுக் கோப்பில் வைப்பேன்.

"ஒரு வரி போட்டா போதாதாங்க?" என்றாள்.

"வேலையை ஒத்துக்கறது ஒரு வரியில முடியற விஷயமா? நாளைக்கு உன் ஃபைலை யாராவது திறந்தா, முதல் தாளே இதுதான்."

"சரி. என்னமோ செய்ங்க. அஞ்சு மணி ஞாபகம் இருக்கட்டும்."

கம்ப்யூட்டர் கூடத்து மூலையில் இருந்தது. என் அலுவலகத்தில் கழித்துப் போட்டபோது நான் தூக்கி வந்தது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் முகம் கழுவி, தலை வாரி, தேநீர் குடித்துவிட்டு வந்தால் திரை தயாராக இருக்கும். இணையத்துக்கும் பேச்சுக்கும் ஒரே தொலைபேசி இணைப்புதான். இணையம் ஓடும்போது யாரும் பேச முடியாது. சமையலறையில் இருக்கும் இன்னொரு போனை யாராவது எடுத்தால் இணையம் அறுந்துவிடும். இந்த விதியைத் தாளில் எழுதி இரண்டு போன்களுக்கு மேலேயும் ஒட்டியிருந்தேன்.

ஒன்று நாற்பதுக்கு இணைப்பு கொடுத்தேன். மோடம் எண்களைச் சுழற்றி, தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டுவதுபோல் கரகரத்து, ஒரு நீண்ட சீழ்க்கை அடித்து அடங்கியது. பச்சை விளக்கு எரிந்தது. அஞ்சல் பக்கத்தைத் திறந்து இரண்டு விரல்களால் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். பெறுநர், பொருள், பார்வை, ஐந்து பத்திகள். முதல் பத்தியில் நன்றி. இரண்டாவதில் மகிழ்ச்சி. மூன்றாவதில் சம்மதம். நான்காவதில் பழைய அனுபவம். ஐந்தாவதில் மீண்டும் நன்றி.

முடித்து, ஒருமுறை வாசித்து, 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்றது திரை. மோடத்தைப் பார்த்தேன். பச்சை விளக்கு அணைந்து கிடந்தது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் கடிதம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளைக் கட்டம்.

கம்ப்யூட்டருக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதில் எழுதினேன்: '2.03, இணைப்பு துண்டிப்பு, காரணம் தெரியவில்லை.'

இரண்டாவது முறையும் அப்படியே ஆயிற்று. '2.29, துண்டிப்பு.' மூன்றாவது முறை, '2.57.' போனது போகட்டும் என்று ஒவ்வொரு முறையும் கடிதத்தை முதலிலிருந்து எழுதினேன். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் மெருகேறிக்கொண்டுதான் வந்தது. மூன்றாவது பிரதியின் இரண்டாம் பத்தியை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"காலையில நான் நாப்பது நிமிஷம் உக்காந்து அந்த ஆபீஸைப் பத்திப் படிச்சேனே, ஒரு தடவைகூடக் கட் ஆகலையே" என்றாள் மனைவி.

காலைக்கும் மதியத்துக்கும் என்ன வேறுபாடு என்று நிதானமாக யோசித்தேன். ஒரே ஒரு வேறுபாடுதான் தெரிந்தது. காலையில் என் மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யக் கடைக்குப் போயிருந்தார். மதியம் வீட்டில் இருந்தார், சமையலறையில், இரண்டாவது போனுக்குப் பக்கத்தில்.

"அத்தை, நீங்க அந்த போனை எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? என்னைக் கூப்பிட யாரு இருக்கா?"

"இல்ல, கைதவறி..."

"கைதவறி எடுக்க அது என்ன கரண்டியா?"

"அம்மா, அவர் சும்மா கேக்கறாரும்மா."

"சும்மா கேக்கற மூஞ்சியா அது? நோட்டுல என் பேரை எழுதிட்டுல்ல கேக்கறாரு!"

எழுதித்தான் வைத்திருந்தேன். பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தேன். மாமியாருக்கு அந்தக் கேள்விக்குறி போதவில்லை. நாற்காலியை இழுத்துவந்து கூடத்தின் நடுவில் போட்டார். உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்ப எழுதுங்க மாப்பிள்ளை. என் கை ரெண்டும் இங்க இருக்கு. எண்ணிக்குங்க."

நான்காவது முறை எழுதினேன். முதுகில் ஒரு பார்வை குத்திக்கொண்டிருக்க 'மகிழ்ச்சி' என்று எழுதுவது எளிதல்ல. முடித்து அனுப்பினேன். திரை கையை விரித்தது. விளக்கு அணைந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் மாமியார். "மூச்சுகூட அளந்துதான் விட்டேன்."

'3.28. அத்தை காரணமல்ல' என்று எழுதினேன். அதைக் காட்டச் சொல்லி, கண்ணாடி போட்டு வாசித்துவிட்டுத்தான் எழுந்தார்.

பிறகு சமையலறை போனின் வயரையே பிடுங்கிவிட்டேன். மோடத்து வயரை மாற்றினேன். மோடத்தின் தலையில் கை வைத்துப் பார்த்தால் காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. சூடுதான் காரணம் என்று முடிவு கட்டி, மாமியாரிடம் செய்தித்தாளைக் கொடுத்து விசிறச் சொன்னேன்.

"மாப்பிள்ளைக்கு விசிறலாம். டப்பாவுக்கு விசிறணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு" என்றபடி விசிறினார். ஐந்தாவது கடிதமும் தொலைந்து போயிற்று. மணி நான்கு பத்து.

மனைவி அலமாரியைத் திறந்து என் சட்டைகளைக் கட்டிலில் எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

"இணைய கம்பெனியோட உதவி எண்ணுக்குப் பேசிடலாம்" என்றேன்.

"எதுல பேசுவீங்க? இணைப்புல இருந்துக்கிட்டே திரையில என்ன வருதுன்னு சொல்லச் சொல்லுவாங்க. நமக்கு இருக்கறது ஒரு லைனு."

பக்கத்து வீட்டில் ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர் இருந்தார். எங்கள் கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் வீட்டு ஜன்னல், அதனடியில் அவருடைய போன். நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. விஷயத்தைச் சொன்னதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓய்வு பெற்றபின் அவரை நம்பி ஒன்றும் நகரவில்லை போலிருக்கிறது.

"நீங்க போய் உங்க இடத்துல நில்லுங்க தம்பி. சிக்னல் நான் குடுக்கறேன்."

எண்ணைச் சுழற்றி, போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றார்.

"பாட்டு போடறாங்க தம்பி!"

"சரிண்ணே!"

ஐந்து நிமிடம் கழித்து, "பாட்டு நல்லாத்தான் இருக்கு!" இன்னும் நான்கு நிமிடம் கழித்து, "வேற பாட்டு மாத்திட்டாங்க! முன்னது தேவலை!"

நான்கு முப்பத்து மூன்றுக்கு ஒரு பெண் பேசினாள். இனி அவள் அவரிடம் சொல்வதை அவர் சந்து தாண்டிக் கத்துவார். என் பதிலை நான் கத்துவேன்.

"மோடத்துல என்ன விளக்கு எரியுதுன்னு கேக்குது இந்தப் பொண்ணு!"

"இப்பத்தான் திரும்பக் குடுத்தேன்! பச்சை!"

"பச்சையாம்மா" என்று போனில் சொன்னவர், தன் பங்குக்கு, "பச்சைன்னா வண்டி கிளம்பலாமேம்மா, அப்புறம் என்ன தடை?" என்றும் கேட்டார்.

"அண்ணே, நீங்க கேக்காதீங்க! அவங்க கேக்கறதை மட்டும் சொல்லுங்க!"

"சரி சரி. வயர் பாத்தாச்சான்னு கேக்குது!"

"பாத்தாச்சு!"

"இன்னொரு போன்?"

"பிடுங்கியாச்சு!"

"வீட்ல யாராச்சும் போனை எடுத்தாங்களா?"

"இல்ல!" என்று என்னை முந்திக்கொண்டு மாமியார் கத்தினார். சந்துக்கு அந்தப் பக்கம் கார்டு அண்ணன் ஒரு அடி பின்னால் போனார்.

பிறகு கார்டு அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்தார்.

"தம்பி, லைன் கட் ஆகறப்ப ஒவ்வொரு தடவையும் நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு கேக்குது!"

"கடிதம் எழுதிக்கிட்டு இருந்தேன்!"

"எவ்வளவு நேரமா?"

"ஒரு... பதினெட்டு நிமிஷம், இருபது நிமிஷம்!"

அவர் அதைப் போனில் சொன்னார். கேட்டார். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்கக் கூடாது என்று நினைவு வந்தவர்போல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"தம்பி, நீங்க டைப் அடிக்கிறது அனுப்பற வரைக்கும் உங்க கம்ப்யூட்டருக்குள்ளயேதான் இருக்குமாம். லைன்ல ஒண்ணும் போகாதாம், வராதாம். பத்து நிமிஷம் அப்படிக் கிடந்தா, ஆள் எந்திரிச்சுப் போயிட்டாருன்னு நெனச்சுக் கம்ப்யூட்டரே போனை வச்சிடுமாம்!"

"நான் எங்கயும் போகலையே! நாற்காலியிலயேதான் இருந்தேன்!"

"நீங்க இருந்தீங்க தம்பி, அதுக்கு யாரு சொல்றது? வேகமா எழுதறவங்களுக்கு இந்தப் பிரச்சினையே வராதாம்! அது தானா வர்ற ஏற்பாடு இல்லையாம், வீட்ல யாரோ செட்டிங்ல போய் டிக் போட்டிருக்கணுமாம்!"

"எங்க வீட்ல யாரும் அப்படிப் போடலை" என்று தொடங்கினேன். மனைவி குறிப்பேட்டைக் கையில் எடுத்திருந்தாள். முன்பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் நின்றாள். வாசித்தாள், நிறுத்தி, நிதானமாக, செய்தி வாசிப்பவர்போல்.

"'என் தம்பி வந்தபோது இணையத்தை அணைக்காமல் சென்றதால் நாள் முழுதும் போன் கிடைக்கவில்லை என்று உறவினர்கள் குறைகூறியதை முன்னிட்டு, பத்து நிமிடம் ஆளில்லாவிட்டால் இணைப்பைத் தானே துண்டிக்கும்படி டிக் செய்யப்பட்டது.' கீழ கையெழுத்து. தேதி. இது யாரோட கையெழுத்துங்க?"

மாமியார் எட்டிப் பார்த்தார். "அழகான கையெழுத்து" என்றார்.

மணி நான்கு நாற்பத்தொன்று. டிக்கை எடுப்பதற்கு எங்கே போக வேண்டும் என்பதும் அதே பக்கத்தில், என் கையாலேயே, ஒன்று இரண்டு மூன்று என்று எழுதப்பட்டிருந்தது. எடுத்தேன். மீண்டும் இணைப்புக் கொடுத்தேன். எண் வேலையாக இருக்கிறது என்று வந்தது. மறுபடி கொடுத்தேன். கூழாங்கல், சீழ்க்கை, பச்சை. நான்கு நாற்பத்தொன்பது. அஞ்சல் பக்கம் மேலிருந்து கீழாக, திரைச்சீலை இறங்குவதுபோல, அங்குலம் அங்குலமாக வந்தது. நான்கு ஐம்பத்திரண்டு.

விரல்களை உதறிக்கொண்டு 'பெறுநர்' என்று தொடங்கினேன்.

"எந்திரிங்க" என்றாள் மனைவி.

"இந்தத் தடவை கட் ஆகாது. டிக்கை எடுத்துட்டேனே."

"உங்களுக்கு இருபது நிமிஷம் வேணும். எனக்கு இருக்கறது எட்டு. எந்திரிங்க."

அவள் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. எழுந்துவிட்டேன். உட்கார்ந்தாள். பத்து விரல்களாலும் எழுதினாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

'வேலையை ஏற்றுக்கொள்கிறேன். திங்கட்கிழமை வந்து சேர்கிறேன். நன்றி.'

"பொருளாவது போடேன்" என்று கெஞ்சினேன்.

"பொருள்தானே இது!" என்று சொல்லிக்கொண்டே அனுப்பிவிட்டாள்.

மோடத்து விளக்கு இரண்டுமுறை கண் சிமிட்டியது. 'அனுப்பப்பட்டது.' நான்கு ஐம்பத்து நான்கு. சந்துக்கு அப்பால் கார்டு அண்ணன் கையில் போனோடு காத்திருந்தார். "போயாச்சா?" என்றார். மனைவி கையை உயர்த்தினாள். அவர் ஜன்னலடியில் தொங்கிய விசிலை எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஊதினார்.

ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது பதில் வந்தது. 'நன்று. திங்கள் 9.30.' விளிப்பு இல்லை, பணிவு இல்லை, கையொப்பம்கூட இல்லை. இந்த அலுவலகம் எப்படித்தான் நடக்கிறதோ என்று கவலைப்பட்டேன். மனைவி அந்தப் பதிலையே மூன்று முறை வாசித்தாள். பிறகு எழுந்துபோய்க் கட்டிலில் கிடந்த சட்டைகளை அப்படியே அள்ளி, நிறம் பார்க்காமல், அலமாரிக்குள் திணித்துக் கதவைச் சாத்தினாள். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மாமியார் வந்து நின்றார்.

"தப்புதான் அத்தை."

"வாய்ப்பேச்சு வேணாம் மாப்பிள்ளை. எழுத்துல குடுங்க. பத்து நிமிஷத்துக்குள்ள."

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஐந்து முறை எழுதிய கடிதம் தலைக்குள் முழுதாக இருந்தது. சனிக்கிழமை அதை நல்ல தாளில் கையால் எழுதி, மனைவியிடம் கையெழுத்துக் கேட்டேன். அவள் இருந்த மகிழ்ச்சியில் என்ன ஏது என்று பார்க்காமல் போட்டுவிட்டாள். அஞ்சலில் சேர்த்தேன்.

புதன்கிழமை வேலையிலிருந்து வந்தவள் கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்து என் முன்னால் வைத்தாள். அங்கே தினமும் வரும் தபாலைப் பிரித்துப் பதிவு செய்வது அவளுடைய வேலைகளில் ஒன்றாம். என்னுடைய ஐந்து பத்திகளுக்கு மேலே 'பெறப்பட்டது' என்ற முத்திரை, தேதி, வரிசை எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஓரத்தில், அவளுடைய கையெழுத்தில், ஒரு குறிப்பு:

'படித்தேன். இரண்டாம் பத்தி நன்றாக உள்ளது. மேல்நடவடிக்கை தேவையில்லை.'