அக்கரைக்குப் போகாதவர்

அன்று காலை மியூசியத்தின் முன்கூடத்தில் போட்டிருந்த இரண்டாவது மேசைக்கு ஆள் வரவில்லை. உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்த கல்லூரிப் பெண்ணுக்குக் காய்ச்சலாம். வராந்தாவில் அதற்குள் பெஞ்சு நிறைந்துவிட்டது. மடியில் பையும் பைக்குள் பழைய படங்களுமாக வயசாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துருப்பிடித்த கொக்கி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். படகுத்துறையில் லாஞ்சைக் கட்டிப்போடும் கொக்கியாம். ரசீது தந்தால்தான் கையை விட்டுத் தருவேன் என்று வாசல் காவலாளியிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பாப்பா ஒரு ஓரமாகப் போய் அண்ணிக்குப் போன் போட்டாள்.

நாற்பது வயதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிடுவது வீட்டில் மட்டும்தான். மியூசியத்தில் அவள் காப்பாட்சியர், எல்லோருக்கும் மேடம். அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறாள் என்று பெயரே தவிர, காலைக் காப்பி முதல் ராத்திரிச் சாப்பாடு வரை எல்லாம் கீழே அண்ணியோடுதான். அண்ணி தபால் ஆபீஸில் கவுண்டர் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றவள். வீட்டில் பொழுது போகாமல், ஏற்கெனவே துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தைப் பத்தின கண்காட்சியா?" என்று கேட்டாள் அண்ணி. பிறகு லைனில் ஒரு சத்தமும் இல்லை. கட்டாகிவிட்டதோ என்று பாப்பா நினைத்த நேரத்தில், "சரி, வரேன்," என்றாள்.

பாலம் வருவதற்கு முன்னால் ஆற்றைக் கடக்க இந்த ஊருக்கு லாஞ்சு என்கிற மோட்டார் படகை விட்டால் வேறு வழி கிடையாது. பள்ளிக்கூடம் இக்கரையில், மில் அக்கரையில். ஆஸ்பத்திரி இங்கே, சந்தை அங்கே. அந்தக் காலத்தைப் பற்றித்தான் கண்காட்சி. லாஞ்சின் மணியும் மிதவை வளையமும் கிடைத்துவிட்டன. சாமான்களை வைத்து ஒரு கூடத்தை ஒப்பேற்றிவிடலாம், ஆனால் அதில் ஏறி இறங்கியவர்கள் பேசினால்தான் கூடத்துக்கு உயிர் வரும் என்று பாப்பா பிடிவாதமாக இருந்தாள். பொதுமக்களைக் கூப்பிட்டுப் பேசவைத்துப் பதிவு செய்து, காதில் மாட்டிக் கேட்கிற மாதிரி வைக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மேசைகள்.

"நான் என்ன கேக்கணும்?" என்றாள் அண்ணி வந்ததும்.

"ஒண்ணும் கேக்க வேண்டாம் அண்ணி. மெஷினை ஆன் பண்ணிட்டு, பேரும் வயசும் எழுதிக்கிட்டு, சும்மா உக்காருங்க. அவங்களே கொட்டுவாங்க."

"உங்க அண்ணன்கூட குடித்தனம் நடத்தறவ நான். சும்மா உக்காந்து கேக்கறதுக்கு எனக்குப் பழக்கணுமா?" என்று சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் சொன்னதும் சரிதான். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பழக்கமோ என்னவோ, அவளுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை. லாஞ்சிலேயே பிரசவமான கதையை ஒருத்தி சொன்னாள். லாஞ்சில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்ட தம்பதி, யார் முதலில் பார்த்தது என்று அங்கேயே சண்டை போட்டார்கள். பாப்பா தன் மேசையிலிருந்து அவ்வப்போது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் சிடுசிடுக்கிற அண்ணி இங்கே இவ்வளவு பொறுமையாகத் தலையாட்டுவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

மதியத்துக்குச் சற்று முன்னால் கடிகாரக் கடைக்காரர் வந்தார். கடைத்தெரு மூலையில் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் இருப்பாரே, அவர்தான். உட்கார்ந்ததும் மேசைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார். லாஞ்சு கவிழ்ந்த நாளைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன் என்றார். பாப்பா தன் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள். அந்த விபத்தைப் பற்றி விசாரணை அறிக்கை இருந்தது, செய்தித்தாள்கள் இருந்தன. கரையில் நின்று பார்த்தவர் யாரும் அதுவரை பேச வரவில்லை.

"நான் சின்னப் பையன். எங்கண்ணனும் நானும் துறைக்கு ஓடி வந்தோம். மழை கட்டிக்கிட்டு நிக்குது. லாஞ்சு நிரம்பி வழியுது, கயித்தையும் அவுத்துட்டாங்க. எங்கண்ணன் விளிம்புல நின்னு, ஐயா ஐயான்னு கத்தறான். ஓட்டுநரு திரும்பிப் பாத்தாரு. கையை நீட்டினாரு. எங்கண்ணன் அந்தக் கையைப் பிடிச்சுத் தாவி ஏறிட்டான். எனக்கும் நீட்டினாரு, நான் பயந்துக்கிட்டு ஏறல."

அண்ணி பேனாவை மூடி வைத்தாள்.

"நடு ஆத்துல காத்து அடிச்சுது. அவ்வளவுதான். எங்கண்ணன் போயிட்டான். அந்த ஆளு நீந்திக் கரையேறிட்டாரு. அளவுக்கு மேல ஏத்தினது தப்புன்னு கோர்ட்ல சொன்னாங்க. அளவெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அவரு அந்தக் கையை நீட்டாம இருந்திருந்தா எங்கண்ணன் எங்கூட வீட்டுக்கு நடந்து வந்திருப்பான். எனக்குத் தெரிஞ்சது அதான்."

அண்ணி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமாங்க?" என்றாள். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி கேட்டாள். "பாப்பா, அந்த விபத்துக்குக் கண்காட்சிப் பலகையில என்ன எழுதியிருக்க?"

பாப்பாவுக்கு மனப்பாடம். வாரக்கணக்கில் அடித்துத் திருத்தி எழுதியது. "அளவுக்கு மீறிப் பயணிகளை ஏற்றிய ஓட்டுநரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என விசாரணையில் முடிவானது," என்று ஒப்பித்தாள்.

அண்ணி கையிலிருந்த சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். "அது எங்கப்பாதான்."

முதலில் பாப்பாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. அறிக்கையிலும் பத்திரிகையிலும் அவர் வெறும் 'ஓட்டுநர்'. முகம் தெரிகிற படம் ஒன்றும் இல்லை. அவளுக்குத் தெரிந்த அண்ணியின் அப்பா, குடோனில் காவல் இருந்து, யாரோடும் ஒட்டாமல், அவள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் செத்துப்போன ஒரு மனிதர். பிறகு, கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. மாப்பிள்ளை வீடான இவர்கள் வீடு அப்போது அக்கரையில். கல்யாணம் அங்கேதான் என்று இவர்கள் வீட்டில் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கிணற்றுக்குள் போட்ட கல் மாதிரி இருந்துவிட்டுக் கடைசியில், நான் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். பாலம் வந்துவிட்ட காலம், பஸ்ஸில் ஏறினால் கண் மூடித் திறப்பதற்குள் அக்கரை. ஆனாலும் வரமாட்டேன் என்றார். கல்யாணத்தை இக்கரைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அம்மா சாகிறவரை 'சம்பந்தி வீட்டு வீம்பு' என்பது இவர்கள் வீட்டில் ஒரு சொலவடை. குழம்பு கொதிக்க நேரமானால்கூட, சம்பந்தி வீட்டு வீம்பு பிடிக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அண்ணியும் கூடச் சிரிப்பாள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டேன். அம்மா காதுக்குப் போக வேண்டாம்னு உங்கண்ணன்தான் சொன்னாரு. அப்புறம் அப்படியே போயிடுச்சு."

"நான் பலகையை மாத்திடறேன் அண்ணி."

"ஏன், தப்பா எழுதியிருக்கியா?"

பாப்பா ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"தப்பில்லைல்ல? அப்ப எதுக்கு மாத்தற? அவரு ஏத்தினது நிஜம். கவுந்தது நிஜம்." மடித்த துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "நானும் பேசணும். அந்த மெஷின்ல. அவ்வளவுதான்."

மியூசியத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை அண்ணியைக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு பேரும் அதே மேசையில், இந்த முறை இடம் மாறி உட்கார்ந்தார்கள். அண்ணி நல்ல புடவை உடுத்தி வந்திருந்தாள். மெஷினுக்குப் புடவை தெரியாது என்று சொல்ல வாய் வந்தது, பாப்பா சொல்லவில்லை. அப்பாவின் சம்பளம், சீருடை, லாஞ்சின் சத்தம் என்று எங்கெங்கோ சுற்றி வந்த அண்ணி ஓரிடத்தில் நின்றாள்.

"எங்கப்பா யாருக்கும் கை குடுக்க மாட்டாரு. என்னைக் கையைப் பிடிச்சு ரோடு தாண்ட வச்சதுகூடக் கிடையாது. ஒருதடவை படியில உருண்டு விழுந்து முட்டியெல்லாம் ரத்தம். அவரு பக்கத்துலயே நிக்கறாரு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, எந்திரி, நீயா எந்திரின்னு சொல்லிக்கிட்டே நிக்கறாரு. எங்கம்மா ஓடி வந்து தூக்கினாங்க. கல்லு மனசுக்காரர்னு நெனச்சேன். அவரு செத்தப்ப எனக்கு அழுகைகூட ஒழுங்கா வரல. கை நீட்டின விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அவரும் சொல்லல, நானும் கேக்கல. கடிகாரக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிஞ்சுது. அவரு தன் அண்ணனைப் பத்திச் சொன்னாரு. எனக்கு அது எங்கப்பாவைப் பத்தினதா இருந்துச்சு." மூச்சை இழுத்து விட்டுக்கொண்டாள். "தப்பில்லைன்னு சொல்ல வரல. அவரு என்ன ஆனாருன்னு சொன்னேன். போதும், நிறுத்து."

மியூசியத்தின் இயக்குநர் அண்ணியின் பதிவைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதிலும் வம்பு வந்துவிடக் கூடாது என்று பயப்படுகிறவர். "ஆளை இழந்த குடும்பங்க திறப்பு விழாவுக்கு வருவாங்க. கடைக்காரர் பேச்சையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அவங்க மனசு என்ன பாடுபடும்? ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அண்ணிங்கறதால வைக்கச் சொல்றீங்களா?"

பாப்பா இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தாள். பதில் ஒரு நாள் ஒரு மாதிரி வந்தது, மறுநாள் வேறு மாதிரி வந்தது. "அண்ணியா இல்லாட்டி இது எனக்குக் கிடைச்சே இருக்காது சார்," என்றாள். "அந்தக் கடைக்காரர்கிட்ட முதல்ல கேட்டுடறேன். அவரு வேண்டாம்னா வேண்டாம்."

கடிகாரக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு மறுநாள் பகலில் வந்தார். கூடத்தில் பாதிச் சுவருக்குத்தான் வண்ணம் அடித்திருந்தது. விபத்தைப் பற்றிய பலகை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆணிகள் நின்றன. தானும் வருவேன் என்று அடம்பிடித்து வந்த அண்ணி, உள்ளே மட்டும் வர மறுத்து, வெளியே மியூசியத்துக்கு எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்து நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். பேசுவது அந்த ஓட்டுநரின் மகள் என்று பாப்பா முன்கூட்டியே சொன்னாள். அவர் முகம் இறுகியது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார்.

கேட்கும்போது அவர் எதையும் பார்க்கவில்லை. கடையில் பூதக்கண்ணாடியோடு குனிந்திருப்பாரே, அதே மாதிரி குனிந்திருந்தார். முடிந்ததும் கழற்றுவார் என்று பாப்பா கையை நீட்டக் காத்திருந்தாள். அவர் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். இரண்டாவது முறை கேட்டு முடித்தபோது வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குரலு... அன்னிக்கு எதிர்ல உக்காந்திருந்தாங்களே, அந்தம்மாவா?"

"ஆமாங்க. எங்க அண்ணி."

"நான் பேசப் பேச அவங்க எந்திரிச்சுப் போகலையே. தண்ணிவேற கொண்டுவந்து வச்சாங்க." அவர் குரலில் கோபமா வியப்பா என்று தெரியவில்லை. "இத்தனை வருஷமா அந்த ஆளு எங்கியோ சவுக்கியமா இருந்துட்டுப் போயிருப்பாருன்னு நெனச்சிருந்தேன். அப்படி நெனச்சுக்கிறது எனக்கு வசதியா இருந்துச்சு."

"நீங்க வேண்டாம்னு சொன்னா நாங்க வைக்கலீங்க."

"அதை எங்கிட்ட கேக்காதீங்கம்மா. இன்னிக்கு கேக்காதீங்க." எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அவங்க எங்க இருக்காங்க?"

பாப்பா ஜன்னலைக் காட்டினாள். கூடப் போகலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தவள், அப்படியே நின்றுவிட்டாள். அவர் வெயிலில் முற்றத்தைத் தாண்டி, சாலையில் வண்டிகள் போகக் காத்திருந்து, எதிர்ப்பக்கம் போனார். அண்ணி அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். யார் முதலில் வாயைத் திறந்தது என்று இங்கிருந்து தெரியவில்லை. பிறகு அண்ணி பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். அவர் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் ஏதோ சொன்னார், சாலையைப் பார்த்தபடி. அண்ணியும் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

அக்கரைக்குப் போகிற பஸ் வந்து அவர்களை மறைத்து நின்றது. பாப்பா ஜன்னல் ஓரத்துக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுநர் குனிந்து அவர்களிடம் ஏதோ கேட்டார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்று தலையசைத்தார்கள். பஸ் இன்னும் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, கதவை மூடிக்கொண்டு கிளம்பியது.