கடைசிப் பக்கத்துக் கல்யாணம்

ராமப்பன் வாழைக்கன்றின் அடியில் அரிவாளை வைத்தபோது, நஞ்சம்மா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் மாமா.”

“கைய வுடு பாப்பா. பட்டுறப் போவுது.”

“எங்கண்ணனுக்குக் கல்யாணம் வேணாம்.”

ராமப்பன் நிமிர்ந்தார். அக்காள் மகன் பிணமாகக் கிடக்கும்போது அக்காள் மகள் கொல்லையில் வந்து தன் கையைப் பிடித்து வழக்காடுவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாசலில் பறை அதிர்ந்துகொண்டிருந்தது. விடிந்த பிறகுதான் பெங்களூர் ஆஸ்பத்திரியிலிருந்து கம்பெனி வேனில் சென்றாயனைக் கொண்டுவந்து குருபரப்பள்ளி வீட்டில் இறக்கியிருந்தார்கள். மஞ்சக்காமாலை. பச்சிலை, மந்திரிப்பு, டாக்டர் என்று வரிசை தவறாமல் பார்த்து, டாக்டரிடம் கடைசியாகப் போனதால் வந்த சாவு. முப்பத்தொன்று முடியவில்லை அவனுக்கு.

கல்யாணமாகாத ஆண்பிள்ளையை அப்படியே கொண்டுபோய்ப் புதைப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. ஒரு வாழைக்கன்றை வெட்டி, மஞ்சள் துணி சுற்றிப் பெண்ணாக்கி, பிணத்தின் கையால் தாலிக் கயிறு கட்டவைத்த பிறகுதான் தூக்குவார்கள்.

“உசுரோட இருந்தப்ப பத்து வருசமா வேணாம் வேணாம்னு சொன்னான். எத்தன பொண்ணு பாத்தீங்க, ஒண்ணுக்காவது தலையாட்டுனானா? இப்ப மட்டும் புடிச்சுக் கட்டி வெக்கிறீங்க. வாயத் தொறந்து மாட்டேன்னு சொல்ல மாட்டான்னு தைரியம்.”

“பி.ஏ. படிச்ச வாயி, பேசாம இருக்குமா?” ராமப்பன் அவளைப் பார்க்காமல் சொன்னார். “மொத முடிச்சு அவன் கையால. மீதி ரெண்டு முடிச்சு மாப்ள தங்கச்சி போடணும். நீ போடலன்னா செல்லாது.”

“அப்பச் செல்லாது. நான் போட மாட்டேன்.”

“ஏன்? காரணத்தச் சொல்லு.”

நஞ்சம்மா காலேஜில் பேச்சுப் போட்டியில் எல்லோரையும் வாயடைக்க வைத்தவள். பஞ்சாயத்துத் தலைவரை நேருக்கு நேர் திருடன் என்று சொன்னவள். காரணத்தை மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

அதற்குள் அவள் அம்மா மாரம்மா தலைமுடி அவிழ்ந்து தொங்க, கொல்லைக் கதவைப் பிடித்தபடி வந்து நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது.

“ஏண்டி தடுக்கற? எம்புள்ளைக்கு ஒரு மாலயப் போட்டு நான் கண்ணால பாக்கலியேடி. பொண்ணு வாழையா இருந்தா என்னா, மனுசியா இருந்தா என்னா? கல்யாணம் ஆவாதவன் சாமிகூட சேர மாட்டாண்டி. உள்ள வர முடியாம வாசல்லயே நின்னுகினு இருப்பான்.”

நஞ்சம்மா மாமாவின் கையை விட்டாள்.

“வெட்டிக்கோங்க. முடிச்சு மட்டும் என்னைக் கேக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். அரிவாள் வாழைத்தண்டில் இறங்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

காரணம் வேலிக்கு அந்தப் பக்கம் கம்பெனி வேனில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. வெள்ளைச்சாமி. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன். போட்டிருந்த சட்டையோடு ஆஸ்பத்திரித் தரையில் படுத்து எழுந்தவன். வந்த பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். ஆண்கள் ராமப்பனின் கையைத் தொட்டுத் துக்கம் கேட்டார்கள். வெள்ளைச்சாமியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்பெனி ஆட்களில் ஒருவன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி மட்டும் கேட்டாள். ராத்திரி ஒருவர்தான் தங்கலாம் என்று அவனை விரட்ட வந்தவள், “ஏனாகபேக்கு?” என்றாள். அவனுக்குக் கன்னடம் தெரியாது. “இவரு ஒங்களுக்கு என்னா வேணும்னு கேக்கறா” என்று நஞ்சம்மா சொன்னாள். தெரிந்த பிறகும் அவன் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். நஞ்சம்மாதான் “மனெயவரு” என்றாள். வீட்டு ஆள். பொய் ஒன்றுமில்லை. ஓசூரில் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

சிப்காட் பக்கம் அஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. சென்றாயன் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். மெஷினிலிருந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்து, நன்றாயிருந்தால் பச்சை அட்டை, சரிசெய்ய முடிந்தால் மஞ்சள் அட்டை, தேறாததற்குச் சிவப்பு அட்டை வைப்பது அவன் வேலை. மெஷின் ஓட்டச் சொல்லித்தர ஜப்பானிலிருந்து வந்த மோரி என்பவர் ஊர் திரும்பும்போது, தானும் தன் பெண்டாட்டியும் படித்து முடித்த படக்கதைப் புத்தகங்களை ஓர் அட்டைப்பெட்டி நிறைய அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பாஷையில் அதற்கு மங்கா என்று பெயர்.

“கிருஷ்ணகிரிக்காரனுக்குக் கொண்டுவந்து மாங்காயக் குடுத்துட்டுப் போறாரு பாரு” என்று வெள்ளைச்சாமி சிரித்தான்.

மூன்று பேருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிக்கும்போது ஒரு புத்தகம் வெளியே வரும். படத்துக்கு வசனம் வெள்ளைச்சாமி சொல்வான். ராஜாவும் சாத்தூர்த் தமிழில்தான் பேசுவான், ராட்சசனும் சாத்தூர்த் தமிழில்தான் பேசுவான். சென்றாயன் குறை கண்டுபிடிப்பான். கடைசியில் அட்டை வைக்கப்படும்.

ஓர் ஆமை முதுகில் ஊரே இருக்கும் கதை ஒன்று. ஆமை தூங்கும்வரைக்கும்தான் ஊர். “ஆமை மூச்சு வுட்டா தண்ணிக் கொடம் சாயணுமில்ல?” என்று சென்றாயன் பக்கம் பக்கமாகத் தேடினான். வரைந்தவன் ஒவ்வொரு பக்கத்திலும் குடத்தை ஓர் இழை சாய்த்துத்தான் வரைந்திருந்தான். “கைய எடுத்துக் கும்புடணும் இவன” என்று பச்சை வைத்தான்.

இன்னொன்றில் ஒரு பையன் முதல் பக்கத்திலிருந்தே அடிக்கிறான், மலையிலிருந்து விழுகிறான், எழுந்து மறுபடி அடிக்கிறான். சென்றாயன் சிவப்பை எடுத்தான். “எடது கன்னத்துல தழும்பு. நாலு பக்கம் தள்ளி வலது கன்னத்துல தழும்பு.”

“ஏன்டா, அடி வாங்குறவன் ஒரே எடத்துலயா வாங்குவான்?” வெள்ளைச்சாமி பாய்ந்தான். “ஒனக்கு அட்டை வைக்கிற புத்தி போகுதா பாரு. நாளைக்குப் பொண்டாட்டி வந்தாலும் வெர்னியர் வச்சு அளப்ப.”

“வந்தா பாத்துக்கலாம்” என்றான் சென்றாயன்.

பனி கொட்டும் சத்திரத்தில் கொலை நடக்கும் கதைதான் பெரிய கூத்து. முதல் பக்கத்திலேயே கொலைகாரனைப் பிடித்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். அப்புறம் என்ன துப்பு என்று நஞ்சம்மா சலித்துக்கொண்டாள். சென்றாயன்தான் புத்தகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான். “மெழுகுவத்தி வளருது பாரு” என்றான். உண்மைதான். பக்கம் திருப்பத் திருப்ப மேசைமேல் மெழுகுவத்தி நீண்டுகொண்டே போனது. பிறகு பிணம் எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தது. மூவரும் பாயில் உருண்டு சிரித்தார்கள். ஜப்பான்காரன் புத்தகத்தை நாம் முடிக்கிற பக்கத்திலிருந்து ஆரம்பிப்பான் என்று அன்றுதான் தெரிந்தது. பார்த்து முடித்த அத்தனையும் மறு இன்ஸ்பெக்‌ஷன். அந்த மழைக்காலம் முழுக்க அதுதான் வேலை.

பெட்டியின் அடியில் மோரியின் பெண்டாட்டி படித்த புத்தகங்கள் கிடந்தன. அதில் ஒன்று பள்ளிக்கூட ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் இரண்டு பையன்களின் கதை. ஒருவனுக்குக் காய்ச்சல் வருகிறது. மற்றவன் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவனையே பார்க்கிறான். பக்கத்துக்குப் பக்கம் பூ கொட்டுகிறது. பாதிக்கு மேல் அவர்கள் எப்படிப்பட்ட சிநேகிதர்கள் என்பதற்கு வசனம் தேவைப்படவில்லை. வெள்ளைச்சாமியும் சொல்லவில்லை. அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்துபோய், வெந்துவிட்ட சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

“ரூமுக்குள்ள மரமே இல்லியே, பூ எங்கேருந்து கொட்டுதுன்னு கேக்கலியா?” என்றாள் நஞ்சம்மா.

சென்றாயன் தலை நிமிராமல், “கொட்டட்டும் வுடு” என்றான்.

அட்டைகள் மூன்றும் பாயில் கிடந்தன. அவன் எதையும் தொடவில்லை. நஞ்சம்மா குனிந்து பச்சையை எடுத்துப் புத்தகத்தில் செருகி, பெட்டியில் வைத்தாள். “சோறு போடுங்கண்ணா, பசிக்குது” என்று வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டாள். அன்றைக்குச் சோறு குழைந்திருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

வேலியைத் தாண்டி அவள் வருவதைப் பார்த்ததும் வெள்ளைச்சாமி வேனிலிருந்து நிமிர்ந்தான்.

“காபித் தண்ணியாவது குடிச்சீங்களா?”

“வேணாம் தங்கச்சி.”

“உள்ள என்னா பண்றாங்கன்னு தெரியுமா? வாழைக்குத் தாலி கட்ட வெக்கப் போறாங்க. நான் மாட்டேன்னுட்டேன். நீங்களும் சொல்லுங்க. ஃப்ரெண்டு நீங்க. அவனுக்கு இது புடிக்காதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“அம்மா என்ன சொல்றாக?”

“அழுவுது. மால போட்டுப் பாக்கணுமாம்.”

“அப்பப் பண்ணட்டும்.”

நஞ்சம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எல்லாரும் பண்ணட்டும் பண்ணட்டும்னா, அப்ப ஒங்களுக்கு ஒண்ணுமே இல்லியா? கடைசிப் பக்கத்துல கொண்டுவந்து திடீர்னு ஒரு கல்யாணத்த வெக்கிறாங்க. எங்கண்ணன் கையில குடுத்திருந்தா என்னா அட்ட வெச்சிருப்பான்?”

வெள்ளைச்சாமியின் உதடு லேசாக இழுபட்டது. சிரிப்பாக வந்திருக்க வேண்டியது.

“செவப்புதான்” என்றான். “கிழிச்சே போட்டிருப்பான்.”

பிறகு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். “அவுகளுக்கு அது ஒண்ணுதான் மிச்சம் தங்கச்சி. நமக்கு எம்புட்டோ இருக்குல்ல.”

அவள் திரும்பி வந்து சுவரோரமாக நின்றுகொண்டாள்.

பந்தலில் பெஞ்சின்மேல் சென்றாயனைக் கிடத்தி மாலை போட்டிருந்தார்கள். நெற்றியில் சந்தனம். காமாலை மஞ்சளை மறைக்க அப்பிய பவுடர் திட்டுத்திட்டாக நின்றது. பக்கத்தில் குடத்து மண்ணில் ஊன்றிய வாழைக்கன்று மஞ்சள் துணியோடு, முற்றாத இலை ஆட நின்றது. மாரம்மா கன்றுக்குப் பொட்டு வைத்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் கல்யாண வீட்டுக்காரியின் பரபரப்பு வந்து போனது. நஞ்சம்மா அதைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

“கையப் புடிச்சுக் கட்ட வெக்க ஒரு பையன் வாங்கப்பா” என்றார் ராமப்பன். “டேய் மதுரைவீரா, நீ வாடா. பங்காளிதானே?”

மதுரைவீரன் இரண்டடி பின்னால் போனான். “எனக்கு வைகாசில நிச்சயம் பண்ணியிருக்குது மாமா.”

“யாராச்சும் வாங்கப்பா.”

கல்யாணமாகாதவர்கள் தங்கள் கல்யாணத்தை நினைத்துக்கொண்டார்கள். ஆனவர்கள் பெண்டாட்டியைப் பார்த்தார்கள், பெண்டாட்டிமார் கண்ணாலேயே அதட்டினார்கள். பறைக்காரர் ஒருவர் அடிப்பதை நிறுத்திவிட்டு, “பேகா, சாமி, பேகா” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். யாரும் அசையவில்லை.

வேலிப் படலைத் திறந்துகொண்டு வெள்ளைச்சாமி உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் நுழைந்தான்.

“நான் புடிக்கேன்.”

“நீ யாருப்பா?”

“கூட வேல பாத்தவன். ஓசூருல ஒண்ணா இருந்தோம்.”

“கல்யாணம் ஆச்சா?”

“இல்லைங்க.”

“ஆவாதவன் புடிச்சா அப்புறம் ஆவாதும்பாங்க. தெரிஞ்சுதான் வரியா?”

“தெரிஞ்சுதான்யா.”

“நல்ல புள்ள” என்றாள் கூட்டத்தில் ஒரு கிழவி. “கூடப் பொறந்தவன்கூட இப்புடிச் செய்ய மாட்டான்.”

வெள்ளைச்சாமி பெஞ்சோரம் மண்டியிட்டான். சென்றாயனின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான். விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாக நீவிவிட்டான். ஊர் மொத்தமும் சுற்றி நின்று பார்த்தது. யாருக்கும் அதில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. சீக்கிரம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

ராமப்பன் கயிற்றை அந்த விரல்களுக்கிடையே வைத்து, கன்றைச் சுற்றிக் கொண்டுவந்தார். வெள்ளைச்சாமி பிடித்துக்கொடுக்க, முதல் முடிச்சு விழுந்தது.

“பாப்பா எங்க?”

எல்லோரும் சுவரோரம் பார்த்தார்கள். மாரம்மா பார்த்தாள். வெள்ளைச்சாமி மட்டும் தலையைத் தூக்கவில்லை. அவன் நெற்றி அந்தக் கையின்மேல் படுகிற மாதிரி குனிந்திருந்தது.

நஞ்சம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். கன்றுக்கு மறுபக்கம் உட்கார்ந்தாள். கயிற்றின் இரண்டு நுனிகளையும் வாங்கி இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள்.

“ஆச்சு” என்றார் ராமப்பன். “தம்பி, கைய வுட்டுரு. தூக்கணும்.”

வெள்ளைச்சாமியின் விரல்கள் தளரத் தொடங்கின.

“இருங்க மாமா” என்றாள் நஞ்சம்மா. “முடிச்சு சரியா வுழல.”

மூன்றாவது முடிச்சுக்குள் நகத்தைக் கொடுத்துப் பிரித்தாள். இரண்டாவதையும் பிரித்தாள். கயிற்றை மடியில் வைத்து, முறுக்கில்லாமல் மெல்ல நீவினாள். பிறகு இரண்டாவது முடிச்சிலிருந்து, அவசரமில்லாமல், மறுபடி போட ஆரம்பித்தாள்.