தாம்பரம் தாண்டிட்டேன்

படிக்கட்டில் இறங்கி வந்த இனியவன், சென்னை விமான நிலையத்தின் அந்தப் பெரிய கூடத்தைப் பார்த்ததும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். குவைத்திலிருந்து அவன் வந்த விமானத்துக்கு முன்னும் பின்னுமாக வேறு இரண்டு விமானங்களும் இறங்கியிருந்தன. பாஸ்போர்ட் பார்க்கும் கவுன்டர்கள் சுவரோடு சுவராக நீளத்துக்கு இருந்தன. ஆள் உட்கார்ந்திருந்தது நாலைந்தில்தான். அவற்றின் முன்னால் வரிசை வளைந்து வளைந்து படிக்கட்டு வரை வந்து நின்றது.

மணி ஒன்று ஆகியிருந்தது. நாலரைக்குள் அவன் திண்டிவனத்தில் இருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருக்கும் நடராசன் அவனுடைய தாய்மாமன். மாமன் மகள் பவானிக்கு இன்றைக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை விழுப்புரத்துக்காரன். ஆனால் பவானி யாரை மனதில் வைத்திருக்கிறாள் என்பது இனியவனுக்குத் தெரியும், அவன் அம்மா தனத்துக்கும் தெரியும். விழுப்புரம் பக்கத்தில் தங்கள் ஊரான காணையிலிருந்து போய் அண்ணனிடம் பெண் கேட்டுவிட்டு வருகிறேன் என்று தனம் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். இந்தக் கான்ட்ராக்ட் முடியட்டும், வீட்டுக்குத் தளம் போட்டுவிடலாம், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று அவன்தான் தள்ளிக்கொண்டே வந்தான். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. வாய் திறந்து கேட்காத தங்கச்சி வீட்டுக்காக நடராசனும் எவ்வளவு காலம்தான் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு இருப்பார்?

போன வாரம் பவானி தெருமுனை பூத்திலிருந்து போன் பண்ணினாள். அழவில்லை. "நீ வந்து சபையில நில்லு மாமா. அது போதும். மீதிய நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதில் அர்த்தம் இருந்தது. அவர்கள் உறவில், நிச்சயத் தட்டு மாற்றுவதற்கு முன்னால், பெண்ணைக் கட்ட முறை உள்ளவர்களைச் சபைக்கு அழைத்து வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டால், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, பெண்ணை வெளியே கொடுங்கள் என்று பொருள். வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டால் தட்டு மாறாது. பேசித் தீர்க்காமல் யாரும் எழுந்திருக்க முடியாது. அத்தை மகன் என்ற முறையில் அந்த வெற்றிலை இனியவனுக்கு உரியது. அவன் இல்லையென்றால் அவன் சார்பில் தனத்தின் கைக்குப் போகும்.

நான் வந்து சேருகிற வரைக்கும் வாங்காதே அம்மா என்று அவன் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தட்டை மாற்றிவிட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் ஏற்பாடு.

வரிசை நகர்ந்த வேகத்தைப் பார்த்தால் அது நகர்வதாகவே தெரியவில்லை. கவுன்டருக்குப் போகிற ஒவ்வொருவரும் அங்கேயே குடியிருக்கப் போகிறவர் போல நின்றார். பக்கத்து வரிசை சட்டென்று நாலு ஆள் முன்னே போனது. இனியவன் அதற்குத் தாவினான். தாவியதும் அது நின்றுவிட்டது. அவன் விட்டுவிட்டு வந்தது ஓடத் தொடங்கியது. கோட்டுப் போட்ட ஒருவரை ஊழியர் ஒருவர் ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். எல்லோரும் முணுமுணுத்தார்கள். சத்தமாக யாரும் கேட்கவில்லை.

"ரேஷன் கடைல நின்னாகூட மண்ணெண்ணெய் வரும்னு ஒரு நம்பிக்கை இருக்கும் தம்பி" என்றார் பின்னால் நின்றவர். "இங்க நம்ம ஊருக்குள்ள நம்மள வுடறதுக்கு யோசிக்கிறான் பாரு."

அவர் பெயர் இருதயராஜ். புதுச்சேரிக்குப் பக்கத்தில் பொம்மையார்பாளையத்துக்காரர். குவைத்தில் மீன்பிடிப் படகில் வேலை. பேரப்பிள்ளைக்கு வாங்கிய பொம்மைக் காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காலை மாற்றி மாற்றி நின்றார். இந்த ஊர் சிம் போட்ட போன் அவரிடம் இருந்தது. இனியவன் தயங்கித் தயங்கிக் கேட்டதும் எடுத்து நீட்டினார்.

அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். வீட்டை ஒட்டிய மண்டியின் பின்பக்கம், மூட்டைகளுக்கு நடுவில் வந்து நின்று பேசினாள் போலிருக்கிறது. குரல் அடங்கி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்களாம். மாமன் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். இரண்டு மூன்று பேர், என்ன தனம், கடைசி நேரத்தில் வம்பு பண்ணப் போகிறாயாமே என்று ஜாடையாகக் கேட்டுவிட்டார்களாம்.

"எனக்குக் கையி காலெல்லாம் நடுங்குதுடா. எங்க வந்துகினு இருக்க?"

அந்த நடுக்கத்தை அவனால் தாங்க முடியவில்லை. முன்னால் எழுபது எண்பது தலைகள் தெரிந்தன. அவன் தலைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தாம்பரம் தாண்டிட்டேம்மா. தோ வந்துட்டேன்."

அம்மா நெஞ்சு நிறைய மூச்சு விட்டது கேட்டது. "மாரியாத்தா" என்றாள். வைத்துவிட்டாள்.

இதை ஒரு பெரிய பொய் என்று அவன் நினைக்கவில்லை. வீட்டில் குளித்துக்கொண்டிருப்பவன்கூட பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றுதான் சொல்லுவான். இருதயராஜ் மட்டும் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, "தாம்பரமா?" என்று ஒரு மாதிரி பார்த்தார்.

சீருடைக்காரர் ஒருவர் வந்து, இங்கே செல்போன் பேசக்கூடாது, அணைத்து வையுங்கள் என்று அதட்டினார். இருதயராஜ் அணைத்தார்.

அதற்குப் பிறகுதான் சோதனை ஆரம்பமாயிற்று. அவர்கள் வரிசையின் கவுன்டரில் இருந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார், எழுந்தார், ஒரு பலகையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். வரிசை உடைந்து மற்ற வரிசைகளுக்குள் பாய்ந்தது. தோளால் இடித்தவர்கள் முன்னே போனார்கள். இனியவன் இடிக்கவில்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தி கெஞ்சினாள், அவளுக்கு வழிவிட்டான். அவள் பின்னாலேயே அவளுடைய உறவு என்று நாலு பேர் நுழைந்துவிட்டார்கள்.

"இன்னாப்பா நீ, தர்மச் சத்திரமா நடத்தற?" என்றார் இருதயராஜ்.

மணி மூன்றைத் தாண்டியது. எதிர்ச்சுவரில் கடிகாரம். வேறு எதைப் பார்த்தாலும் கண் கடைசியில் அங்கேயே போய் நின்றது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தான். அப்போது முன்னால் இருபது பேர்தான் இருந்தார்கள். இன்னும் கால் மணியில் வெளியே போய்விடலாம், காரைப் பிடித்து அழுத்தச் சொல்லிவிட்டு, காருக்குள்ளிருந்து சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினான். கால் மணியில் நாலு பேர் நகர்ந்தார்கள். சரி, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் என்று மறுபடியும் தள்ளினான். பவானி மஞ்சள் புடவையில் இருப்பாளா? தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்ப்பாளா? அந்த நினைப்பு வந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

நாலு அடித்தபோது இனிமேல் எந்தக் கார் பிடித்தாலும் ஆகாது என்று அவனுக்கே விளங்கிவிட்டது. "அண்ணே, போனை ஒரு வாட்டி" என்றான். இருதயராஜ் சீருடைக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பொம்மைக் கார் பெட்டியின் மறைவில் போனை உயிர்ப்பித்துக் கொடுத்தார். அவன் எண்ணை அழுத்துவதற்குள் அதுவே அதிர்ந்தது. அம்மா.

"எங்கடா இருக்க?"

"லைன்லம்மா. இன்னும் வெளிய வுடல."

அந்தப் பக்கம் நாதஸ்வரம் சத்தமாகக் கேட்டது.

"தாம்பரம்னியே" என்றாள் அம்மா.

அவன் போனை மற்றக் காதுக்கு மாற்றினான்.

"வெத்தலைய வாங்கிட்டேண்டா" என்றாள். "தட்டு மாத்திட்டாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தான். இருதயராஜ் பொம்மைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் கையை வைத்தார். இப்போது முன்னால் மூன்றே பேர். வரிசையை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் போவதற்கு இடமில்லை. பின்னால் விமானம், முன்னால் கவுன்டர். அவசரம் எல்லாம் தீர்ந்துபோன பிறகு வரிசை தானாக நகர்ந்தது. அதிகாரி அவன் முகத்தையும் பாஸ்போர்ட்டையும் ஒரு முறை பார்த்தார், முத்திரையைக் குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதைத்தான் அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வெளியே வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, பெட்டி இழுத்துப் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க, அழுதான்.

இருதயராஜ்தான் அவனைத் தேற்றி, எந்த விழுப்புரம் பஸ் என்று தனத்துக்குப் போனில் சொல்லிவிட்டு, அதில் ஏற்றிவிட்டார். தனக்குக் கடற்கரைச் சாலை பஸ் என்றும், ஊருக்கு வந்தால் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றும் சொன்னார். அவன் தலையை ஆட்டினான். பஸ் தாம்பரத்தைத் தாண்டும்போது அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

திண்டிவனத்தில் தனம் ஏறினாள். அண்ணன் வீட்டில் இலை போட்டிருந்தார்கள், உட்காராமல் வந்துவிட்டாள். பட்டுப் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்கள் இறங்கி, வேறு ஆட்கள் ஏறி, பஸ் புறப்பட்டது. ஊர் விளக்குகள் பின்னால் போன பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.

வெற்றிலைத் தட்டை நீட்டியபோது அவள் எழுந்து கும்பிட்டு, என் பிள்ளை வந்துகொண்டிருக்கிறான், அவன் வந்து பேசட்டும் என்று சொல்லிவிட்டாளாம். நடராசன் கோபிக்கவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இத்தனை நாள் ஏன் கேட்காமல் இருந்தாய் என்று கண் கலங்கினாராம். வர நேரமாகும் என்றால் சொல், தங்கச்சி; ராகு காலம் போகட்டும், ஆறு மணிக்கு மேல் சபையைக் கூட்டுகிறேன், மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாராம்.

"நான்தான் வேணாம்ணேன்னு சொன்னேன்" என்றாள் தனம். "தாம்பரம் தாண்டிட்டான், தோ வந்துடுவான்னு சபையிலயே சொன்னேன். எல்லாரும் வாசலையே பாத்துக்கினு இருந்தாங்க. மூணரை ஆச்சி, நாலு ஆகப் போவுது. போன் போட்டா போகல. எங்கள கூட்டி வெச்சி விளையாடறீங்களான்னு மாப்ள ஊட்டுக்காரங்க எழுந்துட்டாங்க. அண்ணன் தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்கறாரு."

"பவானி?"

"அதுதான் உள்ளேருந்து வந்துச்சி. எங்கிட்ட வந்து குந்திச்சி. அஞ்சு வருசமா மாமா தோ வந்துட்டேன்னுதான் சொல்லிக்கினு இருக்குது அத்தை, வெத்தலைய வாங்கிக்கோங்கன்னுச்சி."

எதிரே வந்த லாரியின் வெளிச்சம் அவர்கள் மேல் அடித்துவிட்டுப் போனது. இனியவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தான்.

"ஏண்டா அப்படிச் சொன்ன?" என்றாள் தனம். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள்.

"நீ நடுங்கறேன்னியேம்மா. கஷ்டப்படப் போறியேன்னுதான்."

"கஷ்டம்தான் பட்டுக்கினு குந்தியிருந்தேனே" என்றாள் அவள். "இன்னும் கொஞ்சம் பட்டிருப்பேன்."

கண்டக்டர் வந்து நின்றார். தனம் தனக்கு விழுப்புரத்துக்கு ஒரு டிக்கெட் கேட்டாள். வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, மகனுக்கு முதுகைக் காட்டாமல், ஆனால் அவன் முகத்தையும் பார்க்காமல், நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.