பத்தாவது நிமிடத்துத் துளி

சிங்கப்பூருக்குப் பக்கத்தில், தெப்ராவில் எங்கள் தொழிற்சாலை கண்ணாடிக்கு நீர் ஒட்டாத பூச்சு போடுகிறது. துளி உருண்டு நின்றால் பூச்சு நல்லது, படிந்தால் மோசம். புதுப் பூச்சில் துளி முதல் நிமிடம் முத்தாக நிற்கும். பத்தாவது நிமிடத்தில் தோசை மாவாகப் பரவிவிடும். மூன்று மாதம் துளி கண்ணாடியைத் தொடும் கோணத்தை அளந்து இதைக் கண்டுபிடித்தவள் நான். மேனேஜர் சிறீகாந்தன் முதல் நிமிடத்து அளவை மட்டும் வைத்துக்கொண்டு, அறிக்கையைத் தன் பெயரில் அனுப்பினார். கேட்டதற்கு, "உனக்கு அளக்கத் தெரியலை, ரூபினி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

நேற்று சிங்கப்பூரிலிருந்து கனகசபை என்பவர் பூச்சு வாங்க வந்தார். விருந்தாளி வந்தால் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் தேநீர் கொண்டுபோவதும் நான்தான். நான் படித்த படிப்பு அப்போது மேனேஜருக்கு மறந்துபோகும். துளியை வைத்துக் காட்டி, உடனே துடைத்துவிட்டுத்தான் அவர் தேநீருக்குக் கூப்பிடுவார்.

நேற்று அவர் கூப்பிடும்வரை நான் காத்திருக்கவில்லை. துளி விழுந்ததுமே உள்ளே நுழைந்தேன். "ஆறிடும், முதல்ல குடிங்க" என்று சொல்லி, துடைக்க நீண்ட அவர் கையில் கறிபாப் பலகாரத் தட்டைக் கொடுத்தேன். விருந்தாளி முன்னால் வேண்டாமென்று எப்படிச் சொல்வார்? பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினார்.

கனகசபை இரண்டாவது கறிபாப்பை முடித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். துளி இருந்த இடத்தில் ஈரத்திட்டு பரவிக் கிடந்தது.

"என்னம்மா இது?" என்று என்னிடம் கேட்டார்.

"எனக்கு அளக்கத் தெரியாதுங்க," என்றேன். "அறிக்கையில சார் பேர்தான் இருக்கு. அவர்கிட்டயே கேளுங்க."